‘சிக்னிஃபிகன்ட்’ என்னும் சொல்: மருத்துவ ஆய்வுரைகளைப் படிக்கும் முறை

மக்கள் நல்வாழ்வுத் திட்டங்கள் பலவும் மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்படுகின்றன. அம்முடிவுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அவற்றைப் படித்துப் பொருளுணர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு மருத்துவ மாணவர்களுக்கும் நலத்துறை அதிகாரிகளுக்கும் உரியது. இவ்வாய்வுரைகளில் அடிக்கடி வருவதும், அடிக்கடி தவறாகப் பொருள் கொள்ளப்படுவதுமான ஒரு பெயரடை ‘சிக்னிஃபிகன்ட்’ என்பதாகும். அதன் பொருளை நமது நாட்டிலேயே நடைபெற்ற இரு பெரும் ஆய்வுகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் இரு பொருள்கள்

அன்றாட ஆங்கிலத்தில் இச்சொல் ‘முக்கியமான’, ‘குறிப்பிடத்தக்க’, ‘கணிசமான’ என்னும் பொருள்களைத் தருகிறது. புள்ளியியலில் அதன் பொருள் வேறு. ‘ஒன்றைக் குறித்துக் காட்டுகின்ற’ என்பதே அங்கு அதன் கருத்து. அதாவது, ஆய்வில் காணப்பட்ட வேறுபாடு தற்செயலாக மட்டும் தோன்றியதாகக் கருதுவது கடினம் என்று அது அறிவிக்கிறது. அவ்வேறுபாடு பெரியதா, நோயாளிக்குப் பயன் தருவதா, அதற்காகப் பொருட்செலவு செய்யலாமா என்பனவற்றைப் பற்றி அச்சொல் எதுவும் கூறுவதில்லை.

இப்பொருளில் இச்சொல்லை ஆய்வாளரிடையே பரவச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய அறிஞர் ஆர். ஏ. ஃபிஷர். 1925-இல் வெளிவந்த தமது நூலில் அவர் இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம், என்பதை வசதியானதோர் எல்லையாக எடுத்துக்கொண்டார். உண்மையில் வேறுபாடு ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஆய்வில் கண்ட அளவோ அதனினும் மிகுதியாகவோ வேறுபாடு தோன்றுவதற்குரிய நிகழ்தகவே ‘பி-மதிப்பு’ எனப்படுகிறது. அது 0.05-க்குக் குறைவாயின் முடிவைச் ‘சிக்னிஃபிகன்ட்’ என எழுதுவது வழக்கமாயிற்று. ஆயினும், எல்லாச் சூழ்நிலைகளுக்கும் ஒரே எல்லையை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் முடிவு செய்வதில்லை என்று 1956-இல் ஃபிஷரே வற்புறுத்தினார். வசதிக்காக வகுத்த எல்லை நாளடைவில் விதியாக மாறிவிட்டது.

எண்ணிக்கையின் ஆற்றல்

இச்சொல்லின் இயல்பை விளக்கக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். ஆந்திர மாநிலத்தில், தமிழக எல்லையையடுத்துள்ள தடா வட்டாரத்தில், கருவுற்ற தாய்மார்களுக்குப் புதியதோர் இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுவதாகக் கொள்வோம். புதிய மாத்திரை பெற்றோர் 5,000 பேர்; பழைய மாத்திரை பெற்றோர் 5,000 பேர். இரு பிரிவினரிடையே ஹீமோகுளோபின் சராசரியில் உள்ள வேறுபாடு 0.1 கிராம் மட்டுமே. ஆளுக்கு ஆள் காணப்படும் மாறுபாட்டின் திட்ட விலக்கம் 1.5 கிராம் எனில், இவ்வேறுபாட்டின் பி-மதிப்பு 0.001-க்கும் கீழே சென்றுவிடும். முடிவு ‘மிகவும் சிக்னிஃபிகன்ட்’ என்று எழுதப்படும். ஆனால் 0.1 கிராம் உயர்வால் எந்தத் தாயின் சோகையும் நீங்கப் போவதில்லை.

இதற்கு மாறாக, ஒவ்வொரு பிரிவிலும் பத்துப் பேர் மட்டுமே இருந்து, வேறுபாடு முழுமையாக 1 கிராம் இருந்தது எனக் கொள்வோம். மருத்துவ நோக்கில் இது மதிக்கத்தக்க உயர்வு. எனினும் பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டிவிடும், முடிவு ‘சிக்னிஃபிகன்ட் அன்று’ என எழுதப்படும். பயனற்ற மாத்திரை ஏற்கப்படுவதும், பயனுள்ளது தள்ளப்படுவதும் இவ்வாறு ஒரே சொல்லின் மயக்கத்தால் நேரக்கூடும்.

சென்னையில் நிகழ்ந்த வீட்டுச் சிகிச்சை ஆய்வு

‘சிக்னிஃபிகன்ட் அன்று’ என்னும் முடிவை எவ்வாறு கையாள வேண்டும் என்பதற்குச் சென்னையில் நடைபெற்ற ஆய்வு சிறந்த எடுத்துக்காட்டாகும். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. அக்காலத்தில் காசநோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற படுக்கைகள் நாட்டில் இல்லை. நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த இயலுமா என்பது அன்று இலட்சக்கணக்கானோரின் உயிரோடு தொடர்புடைய கேள்வியாக இருந்தது.

நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு அளிக்கப்பட்டன. ஒரு பிரிவினர் ஓய்வும் நல்லுணவும் கிடைத்த சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் தம் நெருக்கமான வீடுகளிலேயே இருந்தனர். 1959-இல் வெளியான முடிவுகளின்படி, ஆண்டிறுதியில் நோய் தணிந்தோர் சானடோரியத்தில் 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம்.

இந்த 6 சதவீத வேறுபாடு புள்ளியியல் எல்லையை எட்டவில்லை. அதனால் இரண்டும் முற்றிலும் சமம் என்று பொருளாகுமா? ஆகாது. பிரிவுக்கு நூறு பேருக்கும் குறைவாகவே இருந்தமையால், உண்மையான வேறுபாடு சானடோரியத்துக்குச் சாதகமாக ஏறத்தாழ 15 சதவீதம் வரையிலும், வீட்டுச் சிகிச்சைக்குச் சாதகமாக ஏறத்தாழ 3 சதவீதம் வரையிலும் இருந்திருக்க இடமுண்டு. ஆகவே ஆய்வாளர்கள் ஒரு சொல்லை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை. நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வீட்டிலுள்ள நோயாளியால் குடும்பத்தினருக்கு நோய் மிகுதியாகப் பரவுகிறதா என்றும் ஆராய்ந்தனர். குறிப்பிடும்படியான கூடுதல் தீங்கு ஏதும் காணப்படவில்லை. படுக்கைகளின் பற்றாக்குறை, செலவு, குடும்பத்தின் நிலை ஆகிய யாவற்றையும் சேர்த்து எண்ணியபோது, வீட்டுச் சிகிச்சையே நாட்டுக்கு ஏற்றது என்னும் முடிவு வலுப்பெற்றது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது. முடிவைத் தீர்மானித்தது பி-மதிப்பு அன்று. சான்றுகள் அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்கிய பகுத்தறிவே ஆகும்.

செங்கற்பட்டு பி.சி.ஜி. ஆய்வு

இரண்டாவது எடுத்துக்காட்டு, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சூழ்ந்த பகுதியில் நடைபெற்ற பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு. மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த பகுதியில் 1968-இல் இது தொடங்கப்பட்டது. உலகில் நடைபெற்ற மிகப் பெரிய தடுப்பூசி ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசியால் பயன் காணப்படவில்லை என 1979-இல் வெளியான முதல் அறிக்கை கூறியது. ஏராளமான மக்களை ஆராய்ந்த பின் வந்த இந்த ‘வேறுபாடு இல்லை’ என்னும் முடிவும், பத்து இருபது பேரை ஆராய்ந்து கூறும் ‘வேறுபாடு இல்லை’ என்னும் முடிவும் ஒன்றாகா. முன்னது தேடியும் கிடைக்காமை; பின்னது சரிவரத் தேடாமை.

1999-இல் வெளிவந்த பதினைந்தாண்டு அறிக்கை மேலும் ஒரு பாடம் தருகிறது. பெரியவர்களிடையே பாதுகாப்பு ஏதும் இல்லை. சிறுவர்களிடையே 27 சதவீதப் பாதுகாப்பு காணப்பட்டது. ஆனால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி −8 முதல் 50 வரை பரந்திருந்தது. இடைவெளி சுழியை உள்ளடக்கியிருப்பதால் இது வழக்கமான பொருளில் ‘சிக்னிஃபிகன்ட் அன்று’. ‘பாதுகாப்பு இல்லை’ என்று மட்டும் எழுதினால் 50 வரை இருக்கக்கூடிய நன்மை மறைந்துபோகும். ‘27 சதவீதப் பாதுகாப்பு உண்டு’ என்று மட்டும் எழுதினால் ஐயம் மறைந்துபோகும். இடைவெளியை முழுமையாக எழுதுவதே நேர்மையானது. மேலும், ஒரு நோய் வடிவம் பற்றிய முடிவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காப்பதால், நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு அது தொடர்ந்து அளிக்கப்பட்டு வருகிறது.

இருபது முறை தேடினால்

மற்றொரு குறையும் கருதத்தக்கது. உண்மையில் எவ்விதப் பயனும் இல்லாத ஒரு மருந்தை, ஒன்றையொன்று சாராத இருபது அளவைகளால் சோதித்தால், அவற்றுள் ஒன்றேனும் தற்செயலாகச் ‘சிக்னிஃபிகன்ட்’ ஆவதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துரைத்தால் படிப்போர் ஏமாறுவர். எதை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்யும் முறை இதற்கெனவே தோன்றியது. இந்தியாவில் மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007-இல் தொடங்கப்பட்டு, 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமும் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், பி-மதிப்பு ஓர் எல்லையைக் கடந்ததா என்பதை மட்டும் வைத்துக் கொள்கை முடிவுகள் எடுத்தலாகாது எனத் தெளிவுபடுத்தியது.

படிப்போர் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆய்வுரையில் இச்சொல்லைக் காணும்போது மாணவரும் அதிகாரியும் ஐந்து கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

1. வேறுபாட்டின் அளவு என்ன?
2. அதன் நம்பக இடைவெளி எதுவரை பரந்துள்ளது?
3. ஆராயப்பட்டோர் எத்தனை பேர்?
4. இந்த அளவை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதா?
5. அவ்வளவு வேறுபாடு நோயாளியின் வாழ்வில் எதை மாற்றும்?

தமிழில் அறிக்கை எழுதுவோருக்கும் ஒரு கடமை உண்டு. புள்ளியியல் பொருளில் வரும் இச்சொல்லை ‘முக்கியமான’ என்றோ ‘கணிசமான’ என்றோ பெயர்த்தல் பிழையாகும். ‘தற்செயலெனக் கொள்ள இயலாத’ என்பது போன்ற விளக்கத் தொடர் நீண்டதாயினும் பொருளைக் காக்கும். அதனை அடுத்து வேறுபாட்டின் அளவையும் எண்ணால் குறிப்பிடுதல் வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் ஒரு மருந்துக்கான நிதி ஒதுக்கீடு இத்தகைய ஒரு வரியைக் கொண்டே முடிவாகிறது. ஒரு சொல்லைச் சரியாகப் பெயர்ப்பதும் மக்கள் நலப் பணியே.