நடுவர் நாற்காலியில் யார்?

எங்கள் மாவட்டத்தில் குறும்படப் போட்டி நடத்துகிறோம். 40 படங்கள் வந்துள்ளன. நடுவர்களாக எத்தனை பேரை, எப்படிப்பட்டவர்களை அழைக்கலாம்?
– வாசகர், தேனி

மூன்று பேர் போதும். ஒற்றைப்படையில் இருந்தால் வாக்கெடுப்பு இழுபறியில் முடியாது. ஓர் இயக்குநர், ஒரு படத்தொகுப்பாளர் அல்லது ஒளிப்பதிவாளர், ஓர் எழுத்தாளர் என்று கலந்து அழையுங்கள். மூவரும் இயக்குநர்களாக இருந்தால், 'நானாக இருந்தால் இப்படி எடுத்திருப்பேன்' என்ற பேச்சிலேயே பொழுது போய்விடும். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் இயக்குநர் பிரதாப் போத்தனுடன் பத்திரிகையாளர் மதனும் நடுவராக அமர்ந்தார். அதில் படம் காட்டியவர்களே பின்னாளில் இயக்குநர்களான நலன் குமாரசாமியும் கார்த்திக் சுப்புராஜும்.

படம் ஒன்று 15 நிமிடம் என்றால் மொத்தம் 10 மணி நேரம். நடுவர்கள் தூங்கிவிடுவார்கள்! எனவே முதலில் ஒரு தேர்வுக் குழு 12 படங்களாகக் குறைக்கட்டும். அவற்றை நடுவர்கள் பெரிய திரையில், நல்ல ஒலியுடன், முழுதாகப் பார்க்க வேண்டும். கைபேசியில் ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடக் கூடாது.

கதை, இயக்கம், நடிப்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கான மதிப்பெண்களை விதிமுறையிலேயே அச்சிட்டுவிடுங்கள். நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் எழுதிக் கொடுத்த பிறகே கலந்து பேசட்டும். இல்லாவிட்டால் மூத்தவர் சொல்வதுதான் முடிவாகும். நடுவரின் உறவினரோ மாணவரோ எடுத்த படம் என்றால், அதற்கு மட்டும் அவர் விலகி, வேறொருவர் மதிப்பிடட்டும்.

நன்கொடை தந்த பிரமுகரை என்ன செய்வது என்கிறீர்களா? பரிசு வழங்க மேடை இருக்கிறதே!