திட்டம் நன்று, நடப்பது எப்படி?

எங்கள் தெருவில் மாலைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுள் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அவன் தடுமாறும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இத்தகைய பிள்ளைகளுக்கென வரும் திட்டங்கள் ஓரிடத்தில் வெற்றி பெற்று மற்றோரிடத்தில் தோற்பது ஏன்? இதனை ஆராய்வதே செயலாக்க ஆய்வு. 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனத்தின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. மும்பை, வதோதரா நகரங்களில், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து, உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படையிலிருந்து கற்பித்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர்கள் அளந்து பார்த்தனர், பலன் தெரிந்தது.

ஆனால், அரசுப் பள்ளிகளுக்குள் நுழைந்தபோதுதான் சிக்கல். பீகாரில் 2008ஆம் ஆண்டுக் கோடை முகாமில் அரசு ஆசிரியர்களே இம்முறையில் கற்பித்தார்கள். பிள்ளைகளின் வாசிப்புத் திறன் உயர்ந்தது. பள்ளி திறந்த பின்போ, பயிற்சியும் நூல்களும் அளித்தும் முன்னேற்றம் இல்லை! ஆசிரியர்மீது பழி போட்டிருந்தால் ஆய்வு அத்துடன் முடிந்திருக்கும். கோடையில் கற்பிக்க முடிந்தவர்களுக்கு ஜூலையில் ஏன் முடியவில்லை என்று கேட்டார்கள். பாடநூலை முடித்தாக வேண்டிய நெருக்கடியில் புதிய முறைக்கு இடமே இல்லை என்பது புலனாயிற்று.

ஆகவே, ஹரியானாவில் 2012-13இல் இதற்கென்றே நாள்தோறும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினர். வகுப்பைப் பாராமல் திறனைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தனர். மேற்பார்வையாளர்களும் முதலில் தாமே சில நாள் பாடம் நடத்திப் பார்த்த பிறகே ஆசிரியர்களுக்கு வழிகாட்டினர். இந்தி வாசிப்பு உயர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்தது, அதிகாரி சாக்பீஸைக் கையில் எடுத்த அந்தப் பகுதிதான்!

நமக்கு வடக்கே மரக்காணம் அருகிலுள்ள முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யும் ஆய்வுக்கு உள்ளாயிற்று. கொரோனாக் காலத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த சுமார் ஆறு மாதத்தில் மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது.

நானும் ஒரு நோட்டில் வருகையைக் குறித்து வருகிறேன். அந்தச் சிறுவன் வியாழக்கிழமைகளில் வருவதே இல்லை. கேட்டேன், அன்று தாயாருக்கு மாலை வேலை, தம்பியை இவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தம்பியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.