ரூத் வரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை, வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும்தான் தெரிகிறது, ஒன்றும் மனதில் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சபையில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு விசுவாசம் குறைந்துபோயிற்று என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை முதலில் மனதிலிருந்து எடுத்துப் போட்டுவிடுங்கள். சோர்ந்துபோனவரை அவிசுவாசி என்று வேதம் எங்கேயும் தள்ளிவிடவில்லை.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்து அக்கினி இறங்கியதைக் முந்தின அதிகாரத்தில் கண்ணால் கண்ட தீர்க்கதரிசி எலியா, இந்த அதிகாரத்தில் இராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து பெயெர்செபாவுக்கு ஓடுகிறார். கூட வந்த வேலைக்காரனையும் அங்கேயே விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் தூரம் தனியாக நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார். விழித்தபோது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் கோபமில்லை. தூதன் இரண்டாம் முறை தட்டி எழுப்பி, இன்னும் போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறான். இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வியே, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. தான் ஒருவன்தான் மிச்சம் என்று எலியா போட்ட கணக்கும் தப்பு. 7000 பேர் மிச்சம் இருந்தார்கள், அவருக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே சகோதரி, முதலில் வேளைக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். வாரக்கணக்காகத் தூக்கமே இல்லையென்றால் தயங்காமல் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை எடுத்துக்கொள்வதை யாராவது குறை சொன்னால், எலியாவுக்கு வந்த அடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரைப் பற்றியும் உங்களுக்கு எழுத வேண்டும். தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்க். 1706 ஜூலை 9-இல் வந்து இறங்கினார், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார் என்று கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் அவர் சிறுவயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர், நோஞ்சான் உடம்புக்காரர், படிக்கிற காலத்திலேயே மனச்சோர்வோடு போராடியவர் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அதைச் சொன்னால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதல்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே, ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசியதன் தொடர்ச்சியாக, அன்று தரங்கம்பாடியை ஆண்ட டேனியரின் தளபதி அவரைக் கோட்டைக்குள் அடைத்தார். நான்கு மாதம் சிறை. ஆரம்பத்தில் மையும் காகிதமும்கூடக் கொடுக்கவில்லை. பிறகு அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. அவை அளவில் பெரியவை, அவற்றால் அச்சடித்தால் இருக்கிற காகிதம் போதாது. சிறிய எழுத்து வார்க்கலாம் என்றால் ஈயம் இல்லை. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்தார்கள். கர்த்தர் வானத்திலிருந்து ஈயம் அனுப்பவில்லை. வேலை நடந்தது.

1718 அக்டோபரில், தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையானது. அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. கோபன்ஹேகனிலிருந்து மிஷனை நிர்வகித்தவர்கள், கட்டடமும் பள்ளிக்கூடமும் எதற்கு, அப்போஸ்தலரைப் போல ஊர் ஊராகப் போகவேண்டியதுதானே என்று கண்டித்து எழுதினார்கள். நோயில் இருந்தவரை அது உடைத்துப் போட்டது. 1719 பிப்ரவரி 23-இல் இறந்தார். வயது 36. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகம் வரைதான் வந்திருந்தது.

எனக்கு இந்த இடத்தை விட்டு நகர மனம் வருவதில்லை. ரூத்தோடு எல்லாம் நின்றுபோயிற்று என்றுதான் அன்றைக்கு எவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் அதே வருஷம் பெஞ்சமின் சூல்ட்சே என்ற இன்னொரு மிஷனரி தரங்கம்பாடிக்கு வந்தார், மீதியை மொழிபெயர்த்தார், 1728-க்குள் பழைய ஏற்பாடும் அச்சாகிவிட்டது. சாமுவேலையும் சங்கீதத்தையும் தமிழர் தமிழில் வாசித்தார்கள். சீகன்பால்க் அதைப் பார்க்கவில்லை. கர்த்தர் உண்மையுள்ளவர் என்று நான் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறேன். அவருடைய உண்மை என் மனம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதைச் சார்ந்ததல்ல. பலனை என் கண் பார்த்தாக வேண்டும் என்பதும் இல்லை.

இந்த நம்பிக்கை பிறந்த இடமும் சுகமான இடமல்ல. கர்த்தருடைய இரக்கம் காலைதோறும் புதிது என்ற அறிக்கை புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேம் விழுந்து, ஆலயம் எரிந்து, பிள்ளைகள் தெருவில் பசியால் மயங்கிக் கிடந்த காலம் அது. அதற்கு முந்தின அதிகாரமும் அழுகை, பிந்தின அதிகாரமும் அழுகை. எழுதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு நம்பவில்லை, அழுதுகொண்டே நம்பினார்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் போங்கள். பாட வாய் வராவிட்டால் பாடாமல் உட்கார்ந்திருங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் பாடட்டும். வீட்டில் ஜெபம் வரவில்லையென்றால் சங்கீதம் 88-ஐ அப்படியே வாய்விட்டு வாசியுங்கள். முழுக்க இருட்டாகவே முடிகிற சங்கீதம் அது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லி நான் தினமும் ஜெபிக்கிறேன். அடுத்த மாதம் நாலு வரி எழுதிப் போடுங்கள். நிலைமை கொஞ்சமும் மாறவில்லை என்றாலும் அதையே எழுதுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்