நாட்களைக் குறையுங்கள், கூலியை அல்ல

கேள்வி: ஜாவா கிராமங்களில் ஆய்வு செய்யப் போகிறேன். குறைந்த செலவில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா?

பதில்: கிடைப்பார். வெளிநாட்டு ஆய்வாளருக்கு இந்தோனேசியாவில் உள்ளூர்க் கூட்டு நிறுவனம் எப்படியும் கட்டாயம். அது யோக்யகர்த்தாவின் காஜா மாடா போன்ற பல்கலைக்கழகமாக இருந்தால், வீட்டில் ஜாவா மொழி பேசும் முதுகலை மாணவர் ஒருவரை அங்கேயே கேளுங்கள். இந்தோனேசிய மொழி மட்டும் தெரிந்தவர் போதாது. ஜாவா மொழியில் நெருங்கியவரிடம் ‘ங்கோகோ’, பெரியவரிடம் ‘க்ரமா’ என்று பேச்சு நடையே வேறு. சாப்பிடுவதைச் சொல்லக்கூட ‘மங்கன்’, ‘நெடா’ என்று சொல்லே மாறிவிடும். ஒரு மூதாட்டி ‘இங்கிஹ்’ என்று தலையாட்டினால், அது சம்மதமா, மரியாதைக்குச் சொன்ன ‘ஆமா’வா என்பது அந்த மொழியில் வளர்ந்தவருக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

மாணவருக்கு அனுபவம் ஏது என்று கேட்கலாம். 1936இல் பாலிக்குப் போன மானுடவியலாளர்கள் மார்கரெட் மீடும் கிரிகரி பேட்சனும் நம்பியிருந்தது இ மடே கலேர் என்ற பாலி இளைஞரைத்தான். அவர் பாலி மொழியிலேயே எழுதிய குறிப்புகள் அவர்களுக்குப் பெரும் பலம். உள்ளூர்க்காரர் சிலவற்றை மறைக்கலாம் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காகப் பேட்டிகளை, பேசுபவரின் அனுமதியோடு பதிவுசெய்து, சில பகுதிகளை வேறொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். கேள்விகளை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து மொழிபெயர்த்து வைத்தால் களநாட்கள் குறையும், சிக்கனம் அங்கேதான். கூலியில் கை வைக்காதீர்கள். அவர் சம்மதித்தால், ஆய்வேட்டில் அவர் பெயரையும் போடுங்கள்.