வாக்காளர் பெயரும் தேர்தல் பணமும்: மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

நம் அரசியலமைப்பின் 326-வது விதி, வயது வந்தோர் வாக்குரிமையைத் தேர்தலின் அடிப்படையாக வகுத்துள்ளது. 1988-ஆம் ஆண்டின் 61-வது திருத்தத்தால் வயது வரம்பு 21-லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும், தேர்ந்தெடுக்கும் உரிமை அடிப்படை உரிமையன்று, சட்டம் அளிக்கும் உரிமையே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ஜோதி பாசு வழக்கில் கூறியது. இதன் நடைமுறைப் பொருள் எளிது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவுப்படி, தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே அங்கு வாக்களிக்கலாம். எத்தனை ஆண்டுகள் அவ்வூரில் வாழ்ந்திருந்தாலும், பட்டியலில் பெயரில்லாதவர் வாக்குச்சாவடியின் வாயிலிலிருந்து திரும்ப வேண்டியவரே.

தேர்தல் தொடர்பாக நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளில் இரு வகை முக்கியமானவை. ஒன்று, பட்டியலில் யார் பெயர் இருக்கலாம் என்பது. மற்றொன்று, வேட்பாளருக்காக யார் பணம் எவ்வளவு செலவாகலாம் என்பது. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராய்வதே வழக்கம். ஆனால் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு செய்தி புலனாகும். பெயரைப் பற்றிய வழக்கில் ஏழைக் குடிமகனிடம் தாள் தாளாகச் சான்று கேட்கப்படுகிறது. பணத்தைப் பற்றிய வழக்கிலோ, பெருந்தொகை கொடுத்தவரிடம் சான்று கேட்கும் வழியைச் சட்டமே பல காலம் அடைத்து வைத்திருந்தது. இரண்டிலும் குறிப்பிடத்தக்க தீர்ப்புகள் மும்பை மாநகரை ஒட்டி எழுந்தவை. ஆதலின் அம்மாநகரின் வடகிழக்கே உள்ள கல்யாணிலிருந்தே தொடங்குவோம்.

வழக்கமாக வசிப்பவர் யார்?

2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் கல்யாண் தனி மக்களவைத் தொகுதியாயிற்று. எனினும் நகரம் முழுவதும் அதில் இல்லை. ரயில் பாதைக்குக் கிழக்கே உள்ள கல்யாண் கிழக்குச் சட்டமன்றத் தொகுதி கல்யாண் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது. கல்யாண் மேற்கோ பிவண்டி மக்களவைத் தொகுதியில் அடங்கும். நிலையத்தின் நடைமேம்பாலத்தைக் கடந்து வீடு மாற்றிக்கொண்டவரும் சட்டத்தின் கண்ணில் வேறு தொகுதிக்குக் குடிபெயர்ந்தவரே.

தாராவியில் ஒரு சிறு அறையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது. அங்கே பாகம் பிரியாத ஒரு வீடும் உண்டு. பிள்ளைகள் வளர்ந்தபின் தாராவியில் இடம் போதாமல் கல்யாண் கிழக்கே வாடகைக்கு வருகின்றனர். ரேஷன் அட்டை தாராவி முகவரியில் இருக்கிறது. தந்தையின் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலிலும் காணப்படுகிறது. இக்குடும்பம் எங்கே வாக்களிக்க வேண்டும்?

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இதற்கு விடை தருகிறது. ஒருவர் எங்கு 'வழக்கமாக வசிக்கிறாரோ' அங்குதான் பதிவு பெறலாம். ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பது மட்டுமே அவரை அவ்வூர்வாசி ஆக்காது என 20-வது பிரிவு தெளிவாகக் கூறுகிறது. தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதாலும் வசிப்பிடம் மாறிவிடாது. ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு பெறுவதை 17-வது பிரிவும், ஒரே தொகுதியில் இருமுறை பதிவு பெறுவதை 18-வது பிரிவும் தடுக்கின்றன. பதிவு தொடர்பாக அறிந்தே பொய் உறுதிமொழி தருவோருக்கு 31-வது பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆகவே மேற்சொன்ன குடும்பத்தார் கல்யாணில் பதிவு பெறுவதும், ஊரிலும் தாராவியிலும் உள்ள பெயர்களை நீக்கச் செய்வதுமே முறை. ஊர்ப் பாசத்தால் பெயரை அங்கேயும் விட்டுவைப்போர் மும்பைத் தமிழரிடையே உண்டு. பட்டியல் திருத்தத்தின்போது இரட்டைப் பதிவு என்று இரண்டு இடத்திலும் கேள்வி எழும் ஆபத்தை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் குடிமகனின் கவனக்குறைவு இதில் ஒரு பகுதியே. மறு பகுதி அதிகாரிகளின் ஐயப்பாடு.

மும்பை நோட்டீசுகளும் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்

1990-களின் முற்பகுதியில் மும்பையிலும் தில்லியிலும் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த ஏராளமான வாக்காளர்களுக்கு, இந்தியக் குடிமக்கள் என்பதை மெய்ப்பிக்குமாறு பதிவு அதிகாரிகளிடமிருந்து நோட்டீசுகள் வந்தன. முன்பே பட்டியலில் இருந்து வாக்களித்தவர்கள் இவர்கள். பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்று போன்ற ஒரு சில ஆவணங்களே வேண்டும் எனப்பட்டது. ரேஷன் அட்டை போன்ற, ஏழைகளிடம் உண்மையில் இருக்கும் தாள்களுக்கு மதிப்பில்லை. கடவுச்சீட்டு வைத்திருக்கும் தோல் தொழிலாளி எத்தனை பேர்? வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்பட்ட காலத்தில் பிறந்த பெண்மணி எந்த அலுவலகத்தில் பிறப்புச் சான்று பெறுவார்?

லால் பாபு ஹுசைன் வழக்கு என வழங்கும் இவ்வழக்கில் தலைமை நீதிபதி ஏ.எம். அகமதி தலைமையிலான அமர்வு 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்த நடவடிக்கைகள் ரத்தாயின. தீர்ப்பின் சாரம் வருமாறு: ஒருவர் பெயர் முன்பே பட்டியலில் இருந்தால், உரிய விசாரணைக்குப் பின்னரே அது சேர்க்கப்பட்டது என்று அதிகாரி முதலில் கொள்ள வேண்டும். ஐயம் எழுந்தால் அதற்கான காரணத்தையும் ஆதாரத்தையும் வாக்காளருக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் அறிக்கை ஒன்றை மட்டும் நம்பி முடிவுகட்டலாகாது. வாக்காளர் கொண்டுவரும் எந்தச் சான்றையும் பார்வையிட மறுக்கலாகாது. இறுதியில் காரணம் கூறும் ஆணை வேண்டும்.

சுருங்கக் கூறின், முன்பே பட்டியலில் இருப்பவரைப் பொறுத்தவரை மெய்ப்பிக்கும் பொறுப்பின் பெரும்பகுதி குடிமகன் தோளிலிருந்து அரசின் தோளுக்கு மாறியது. இது சட்ட நுட்பம் போல் தோன்றினும், பொருளாதார நோக்கில் பெரிய மாற்றமாகும். சான்று திரட்டுவதற்கு விலை உண்டு. ஒரு நாள் கூலி, ரயில் செலவு, தாசில்தார் அலுவலகத்தில் காத்திருப்பு, எழுதித் தருபவருக்குக் கட்டணம் ஆகியவை நாட்கூலித் தொழிலாளிக்கு வாக்குரிமையின் மீது விதிக்கப்படும் வரிக்கு ஒப்பானவை. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு இவ்வரி ஏறக்குறைய இல்லை.

இந்தக் கேள்வி 1995-உடன் தீர்ந்துவிடவில்லை. 2025 ஜூன் 24 அன்று பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்குத் தேர்தல் ஆணையம் ஆணையிட்டபோது, 2003-ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லாதோர் 11 வகை ஆவணங்களில் ஒன்றைத் தரவேண்டும் என்றது. ரேஷன் அட்டையும் ஆதாரும் அவற்றுள் இல்லை. ஆகஸ்டு 1-இல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. விடுபட்டோர் பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு உச்ச நீதிமன்றம் ஆகஸ்டு 14-இல் பணித்தது. செப்டம்பர் 8-இல், ஆதாரைக் குடியுரிமைக்கன்றி அடையாளத்திற்கான 12-வது ஆவணமாக ஏற்குமாறு கூறியது. இறந்தவர் பெயரும் இரட்டைப் பெயரும் பட்டியலில் தங்குவது கள்ள வாக்குக்கு இடம் தருமாதலால், பட்டியலைத் தூய்மை செய்வது ஆணையத்தின் கடமையே, இதை மறுப்பாரில்லை. அத்தூய்மையின் செலவை யார் ஏற்பது என்பதே வழக்கு.

கணக்கில் வராத செலவு

இனிப் பணத்தைப் பற்றிக் காண்போம். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 77, 78-வது பிரிவுகளின்படி வேட்பாளர் தம் தேர்தல் செலவுக்குத் தனிக் கணக்கு வைத்து, முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். உச்சவரம்பை மீறுதல் 123-வது பிரிவின்கீழ் முறைகேடான செயலாகும். 2022-இல் பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு இவ்வரம்பு 95 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கல்யாண் தொகுதியில் சுமார் 20 லட்சம் வாக்காளர்கள் உள்ளனர். வகுத்துப் பார்த்தால் வாக்காளர் ஒருவருக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. கல்யாண் நிலையத்தருகே அரைக் கோப்பை 'கட்டிங்' தேநீருக்கும் காணாது. ஆனால் இது வேட்பாளரின் செலவுக்கே வரம்பு. கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை.

இந்த ஓட்டையை அடைக்க உச்ச நீதிமன்றம் 1974 அக்டோபர் 3-இல் முயன்றது. தில்லி சதர் தொகுதியில் 1971-இல் வென்ற அமர்நாத் சாவ்லாவின் தேர்தலை எதிர்த்து கன்வர்லால் குப்தா தொடுத்த வழக்கு அது. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவை அவர் அறிந்து, மறுக்காமல், அதன் பயனைப் பெறுவாராயின் அது அவர் செலவே என்று நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பெழுதினார். தேர்தல் ரத்தாயிற்று. அதே மாதத்தில் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் நாடாளுமன்றமும் அதைச் சட்டமாக்கியது. கட்சியோ நண்பர்களோ செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்ற விளக்கம் 77-வது பிரிவில் புகுந்தது. முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தாலும், உச்ச நீதிமன்றம் முன்பே ரத்துச் செய்த தேர்தலுக்கு அது உயிர் தரவில்லை.

விளக்கம் செல்லும் என்று 1985-இல் நல்லதம்பி வழக்கில் உச்ச நீதிமன்றமே ஒப்பியது. ஆயினும் 1993-இல் மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் தொகுதி பற்றிய கடாக் வழக்கில், இத்தகைய விளக்கம் இருக்கும்வரை செலவு வரம்பு வெறும் கண்துடைப்பே என்ற கருத்தை நீதிபதி ஜே.எஸ். வர்மா பதிவு செய்தார். 2003-இல்தான் நாடாளுமன்றம் அவ்விளக்கத்தைச் சுருக்கி, கட்சித் தலைவர்களாகப் பெயர் தரப்பட்டோரின் பயணச் செலவுக்கு மட்டும் விலக்களித்தது. ஓட்டை அடைபட 29 ஆண்டுகள் ஆயின. அதுவும் முழுமையாக அல்ல.

கம்பெனி நன்கொடை

இத்துறையில் நாட்டின் முதல் எச்சரிக்கைகளுள் ஒன்று பம்பாய் உயர்நீதிமன்றத்திலிருந்தே வந்தது. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க ஏதுவாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்திக்கொள்ள டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி விரும்பியது. பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். 1957-இல் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, தடுக்கும் சட்டம் இல்லாமையால் அனுமதி அளித்தார். அளித்தபோதே, பெரும்பணம் மக்களாட்சியை நெரித்துவிடக்கூடும் என்றும், நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றும் கூறினார். நீதிபதி தாம் அளிக்கும் தீர்ப்பைக் குறித்தே இவ்வளவு கவலைப்பட்டது அரிதான நிகழ்ச்சி.

பின்னர் நடந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 1960-இல் வரம்பு வந்தது; 1969-இல் கம்பெனி நன்கொடைக்கு முழுத்தடை; 1985-இல் லாபத்தில் 5 சதவீதம் வரை மீண்டும் அனுமதி; 2013-இல் அது 7.5 சதவீதமாயிற்று. 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் உச்சவரம்பை நீக்கியது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி தன் கணக்கில் காட்ட வேண்டிய கடமையும் நீங்கியது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி ரூபாய் வரையிலான பத்திரங்களை வாங்கிப் பெயர் வெளித்தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கலாம். கறுப்புப் பணத்தைத் தவிர்த்து வங்கி வழியே நன்கொடையைக் கொணர்வது இதன் நோக்கம் எனப்பட்டது. மொத்தம் சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்பனையாயின.

2024 பிப்ரவரி 15-இல் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு இத்திட்டம் முழுவதையும் செல்லாது என்றது. வாக்காளரின் அறியும் உரிமையை இது மீறுகிறது என்பதே காரணம். வரம்பற்ற கம்பெனி நன்கொடைக்கு இடமளித்த திருத்தமும் வீழ்ந்தது. வாங்கியோர், பெற்றோர் விவரங்கள் அடுத்த மாதம் வெளியாயின. சாக்ளா எழுதி 67 ஆண்டுகள் கடந்திருந்தன.

காலம் என்னும் செலவு

இரு வகை வழக்குகளையும் ஒருசேர வாட்டுவது காலதாமதம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நேரம் கடந்தபின் அத்தேர்தல் முடியும்வரை பட்டியலில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. தேர்தல் நடவடிக்கை தொடங்கியபின் நீதிமன்றம் இடையில் புகலாகாது என்பது, அன்றைய சென்னை மாநிலத்தின் நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமியின் வழக்கில் 1952 ஜனவரியிலேயே முடிவானது. தேர்தல் குலையாமல் நடக்க இது தேவையே. ஆனால் வாக்குப்பதிவு நாளன்று பெயர் இல்லாததைக் கண்டவருக்கு அன்றைக்கு எந்தப் பரிகாரமும் இல்லை. பணத்தைப் பற்றிய புகாருக்கோ, தேர்தலுக்குப் பின் 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினும், மேல்முறையீடும் சேர்ந்து பதவிக்காலமே முடிந்துவிடுவது உண்டு.

ஆகவே வாக்காளர் செய்யத்தக்கது தேர்தலுக்கு முன்னரே உள்ளது. வரைவுப் பட்டியல் வெளியானதும் பெயரைப் பார்த்துக்கொள்வதும், வீடு மாறினால் 8-ஆம் எண் படிவத்தைத் தருவதும் முதல் வேலை. ஒருவர் பெயரை நீக்குமாறு பிறர் 7-ஆம் எண் படிவத்தில் ஆட்சேபம் தந்திருந்தால், நோட்டீசும் விசாரணையும் இன்றி அது நீக்கப்படலாகாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

செலவுக் கணக்கைப் பொறுத்தவரை, பலரும் அறியாத விதி ஒன்று உண்டு. வேட்பாளர் ஒப்படைத்த கணக்கை எவரும் ஒரு ரூபாய் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம் என்று 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் கூறுகின்றன. கல்யாண் வாக்காளருக்கு அந்தக் கணக்கு தாணே மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் இருக்கிறது. அங்கே போய்வர ஆகும் ரயில் கட்டணம் அந்த ஒரு ரூபாயைவிட அதிகம்.