பையைத் துழாவுங்கள்!

மகளின் அரசுப் பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு வருகிறது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதனால் என்ன பயன்? – ஒரு வாசகி, திண்டுக்கல்

அந்த ஐந்து நிமிடம் வைத்தியத்துக்கு அல்ல, சலித்தெடுக்க.

2013இல் தொடங்கிய தேசியத் திட்டம் இது. மருத்துவரும் செவிலியரும் பார்வைக் குறைவு, ரத்தசோகை, பல் சொத்தை, பிறவி இதயக் கோளாறு என பல வகைக் குறைகளைத் தேடுகிறார்கள்.

கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? 1902இல் நியூயார்க் பள்ளிகளில் மருத்துவர்கள் கண்நோய், சொறி என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியபடியே இருந்தார்கள். மருந்து போடத்தான் ஆளில்லை. லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீடுதேடியும் போனார். ஓராண்டில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள்.

இங்கே அந்த வேலை பாதி உங்களுடையது. குறை தெரிந்தால் பரிந்துரைச் சீட்டு தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போனால், அறுவை சிகிச்சை வரை இலவசம். சீட்டு புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கலாம், இன்றே பாருங்கள்.