முதலில் காது, பிறகு கேமரா

ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டே தவணையில் கேமரா வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய், பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட்டில் கிடார் வாசிப்பவரைப் படமெடுத்து வருகிறார்கள். எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரு கிடாரைச் சுற்றி ஒன்பது கேமரா நிற்கிறது. பூம்பூம் மாட்டுக்காரர் உங்கள் தெருவுக்கே வருகிறார்; யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தெருவில் வாசிப்பவர்களை இயல்பாகப் படமெடுக்க ஆசைப்படும் தம்பி தங்கைகளுக்கு, இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் சொல்லும் சில சங்கதிகள் இவை.

1. காலண்டரைப் பார்த்துக் கிளம்புங்கள். நம் பக்கத்தில் தெரு இசைக்குப் பருவம் உண்டு. மகா சிவராத்திரியை ஒட்டி வரும் அமாவாசையில் காவேரிப்பட்டினத்தில் மயானக் கொள்ளை. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளக்கும். மார்ச் மாதத்தில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேர். புரட்டாசி சனிக்கிழமையும் மார்கழி விடியலும் சங்கு, சேகண்டியோடு வரும் தாசர்களுக்கு உரியவை. பொங்கலை ஒட்டி மாட்டுக்காரர்கள். கோடையில் பாரதம் நடக்கும் ஊர்களில் விடிய விடியத் தெருக்கூத்து. இவை எதுவும் இல்லாத வாரத்தில் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போய் நில்லுங்கள், ஏதாவது ஒரு மேளம் கேட்கும். ஹோலியன்று சிப்காட் பக்கம் வடநாட்டுத் தொழிலாளர்களின் குடியிருப்புகளில் டோலக் சத்தம் வந்தால் அதையும் விடாதீர்கள். அதுவும் இப்போது ஓசூரின் இசைதான்.

2. கேமராவை எடுக்கும் முன் இசையைக் காது கொடுத்துக் கேளுங்கள். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். பறை அடிப்பவரின் கைகளைப் பாருங்கள்: ஒன்றில் குட்டையான தடித்த குச்சி, மற்றதில் மெலிந்து நீண்ட குச்சி. தடித்த குச்சி ஓங்கி இறங்கும் அடி, சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் வரும். அந்தச் சுற்றை மனதுக்குள் எண்ணிப் பழகினால், கை உயரப் போவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அடி காதில் விழுந்த பிறகு பட்டனை அழுத்தினால் குச்சி தோலை விட்டுக் கிளம்பியிருக்கும்.

உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கிறார்கள். அங்கே குச்சியைத் துரத்துவதில் பயனில்லை. அழுத்தம் கொடுக்கையில் சாய்கிற தோளைப் பாருங்கள். நாகஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தை எல்லோரும் எடுத்துவிட்டார்கள், பார்க்கக் கேலியாகவும் இருக்கிறது. அவர் சீவாளியை உதட்டிலிருந்து எடுத்து, மூச்சு வாங்கிக்கொண்டே தவில்காரர் பக்கம் திரும்புவார். அந்தப் பார்வையில் சில நேரம் பாராட்டு இருக்கும், சில நேரம் கோபம். அதற்குக் காத்திருங்கள்.

3. ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே போய்விடுங்கள். தோல் கட்டிய பறையை வைக்கோலோ காகிதமோ கொளுத்திச் சூடு காட்டுவார்கள். பறையைத் திருப்பித் திருப்பி அனலில் பிடிப்பார்கள், விரலால் சுண்டிப் பார்ப்பார்கள், போதாதென்று மறுபடி பிடிப்பார்கள். காது முழுக்கத் தோலில் இருப்பதால் அப்போது யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். முகத்தில் விழும் வெளிச்சமும் கீழிருந்து வருகிறது. என்னைக் கேட்டால், ஊர்வலத்தில் எடுக்கும் நூறு படத்தைவிட இங்கே எடுக்கும் ஒன்று மேல். பிளாஸ்டிக் தோல் போட்ட பறைக்கு நெருப்பு தேவையில்லை; அந்தக் குழுவோடு டீக்கடைக்குப் போங்கள்.

4. ஒளிந்து எடுக்காதீர்கள். இயல்பான படம் என்றால் ஆளுக்குத் தெரியாமல் எடுப்பது என்று பலர் நினைத்துக்கொண்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய லென்ஸை நீட்டுகிறார்கள். அமெரிக்காவின் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை மறைத்து வைத்துப் பயணிகளைப் படமெடுத்தார். அதில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டு வரும் பார்வையற்ற ஒருவரும் இருக்கிறார். மகத்தான படங்கள்தான். ஆனால் அவை புத்தகமாக வந்தது 1966-இல். நீங்கள் எடுத்த படம் சாயங்காலத்துக்குள் இன்ஸ்டாகிராமில் ஏறி, வாசித்தவருடைய பேரன் கண்ணிலும் பட்டுவிடும்.

பக்கத்தில் நில்லுங்கள். கேமரா வெளியே தெரியட்டும். இரண்டு பாட்டு முடிவதற்குள் உங்களை மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது.

5. தெலுங்கில் நாலு வார்த்தை தெரிந்திருக்கட்டும். பூம்பூம் மாட்டுக்காரர்கள் பெரும்பாலும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ‘பாகுன்னாரா?’ (நலமா?) என்று கேட்டுவிட்டு மாட்டின் பெயரையும் விசாரித்தால் போதும், மீதியை அவரே பேசுவார். தளி, பாகலூர் பக்கம் கன்னடமும் கைகொடுக்கும்.

6. காசை முதலில் போடுங்கள். ‘இப்படித் திரும்புங்க, பணம் தரேன்’ என்று பேரம் பேசினால் அப்புறம் கிடைப்பது வெறும் போஸ். பாட்டுக்கு உரியதைப் பாட்டுக்காகக் கொடுத்துவிட்டு, படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போட்ட காசைக் கணக்குப் பார்க்காமல் கேமராவை இறக்குங்கள். சாட்டையடிக்கும் குடும்பம் வந்தால் எல்லா கேமராவும் சாட்டையால் தன்னையே அடித்துக்கொள்பவரின் முதுகைத்தான் தேடுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. பக்கத்தில் மேளம் தட்டும் அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள், தாளம் அவர் கையில் இருக்கிறது. கூட வரும் பிள்ளைகளின் முகத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

7. சாவு வீட்டில் பறை அடிக்கும்போது கேமரா பையிலேயே இருக்கட்டும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் துக்க வீட்டாரிடம் மட்டும் கேட்டால் போதாது, அடிப்பவர்களையும் கேட்க வேண்டும். அந்த வேலையைச் சாதியின் பெயரால் தலையில் கட்டியதற்கு எதிராகப் போராடி வந்தவர்கள் அவர்கள். பறை ஆசான் வேலுவுக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது. இன்னும் பறை என்றாலே பிணத்தோடு சேர்த்து ஒரு படம் எடுக்கிறவர்களை என்னவென்று சொல்ல? படத்துக்குக் கீழே அவர்கள் அனுமதித்தால் பெயரையும், கூடவே வாத்தியத்தின் பெயரையும் எழுதுங்கள். ‘பிச்சைக்காரர்’, ‘மறைந்துவரும் கலை’ போன்ற தலைப்புகள் வேண்டாம்.

8. பின்னணியை வெட்டாதீர்கள். ஹங்கேரிக்காரர் ஆந்த்ரே கெர்டேஸ் 1921-இல் அபோனி என்ற ஊரில் எடுத்த படம் ஒன்று உண்டு: பார்வையற்ற வயலின்காரர், கூடவே வெறுங்காலோடு ஒரு பையன், பின்னால் மண் ரோட்டில் ஒரு சின்னக் குழந்தை. அந்த மண் ரோடு இல்லாவிட்டால் அது யாரோ ஒரு வயலின்காரர் படம். நமக்கு மேம்பாலம், பிளெக்ஸ் பேனர், கம்பெனி பஸ், மின்கம்பி. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு முன் உருமி அடிப்பவரின் பின்னால் சீருடை போட்ட தொழிலாளி பஸ்ஸுக்கு ஓடினால், இருவரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

9. கருவி பற்றிச் சுருக்கமாக: 35 மி.மீ. லென்ஸ் போதும், நல்ல போனும் போதும். குச்சி உறைந்து நிற்க 1/500 நொடி; குச்சி மட்டும் மங்கி முகம் தெளிய வேண்டுமானால் 1/60 வைத்துப் பாருங்கள். கூத்து மேடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் 1/50 அல்லது 1/100-க்கு மாற்றுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிளாஷ் கூடவே கூடாது. வேஷம் கட்டியவரின் கண் கூசும்.

10. படத்தைத் திருப்பிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது. ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, ரோட்டில் அலைகிறவர்கள் என்பதால் லேமினேஷனும் செய்து, அடுத்த சந்தைக்கோ திருவிழாவுக்கோ கொண்டுபோங்கள். போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை வரும், தெருவில் கோயில் விசேஷம் வரும், மேளத்துக்கு ஆள் தேடுவார்கள். அப்போது அந்த நம்பரைக் கொடுங்கள்.